பரேடும் பெரட்டும்



பரிசளிப்பு விழாவில் பிள்ளைகள் சீருடையில் அணிவகுத்து வருவதைப் பார்க்க நமக்கெல்லாம் ஆசைதான். இந்த அணிவகுப்பு எப்போது, யாருக்காக நம் கோலாலம்பூருக்கு வந்தது? கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம், வாருங்கள்.

1893-ல் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் என்ற ஆங்கிலப் பள்ளி இங்கே உருவானது. அதற்குப் பாடுபட்டவர்களில் யாப் குவான் செங், லோக் இயூ ஆகியோரோடு நம் தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். பத்துமலை என்றதும் நினைவுக்கு வருகிறாரே, அவரேதான்! கிள்ளான் ஆற்றோரம் பள்ளிக்கூடம். வெள்ளம் வந்தால் பள்ளிக்குள்ளும் தண்ணீர். முதல் தலைமையாசிரியர் பென்னட் ஷா 1901-ல் அங்கே கேடட் படையைத் தொடங்கினார். படிப்பு, பந்தாட்டம், பரேட் மூன்றும் சேர்ந்தால்தான் ஆண்பிள்ளை என்பது அந்தக் காலத்து வெள்ளைக்காரர் எண்ணம்.

போயர் யுத்தத்தில் அதிகாரிகள் போதாமல் திண்டாடிய பிரிட்டன், 1908-ல் தன் பல்கலைக்கழகங்களிலும் பள்ளிகளிலும் அதிகாரிப் பயிற்சிப் படையை அமைத்தது. இந்தியக் கல்லூரி மாணவர்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு யு.டி.சி. வந்தது. மலாயாவிலோ அப்போது பல்கலைக்கழகமே கிடையாது. 1905-ல் சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளி, அவ்வளவுதான்!

சரி, நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க? அவர்களுக்கும் ஒரு பரேட் இருந்தது. விடியுமுன்னே லயத்திலிருந்து எழுந்து போய் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். அந்தப் பரேட்தான் நம் வாயில் பெரட்டு ஆனது. ஊரில் பரேட் என்றால் விசில், தொப்பி, கைதட்டல். தோட்டத்தில் பெரட்டு என்றால் கங்காணியின் அதட்டல். ஒரே சொல்தான், பாருங்கள்!

யுத்த ஆயத்தத்தில் மட்டும் நம்மை யாரும் விட்டுவிடவில்லை. 1912-ல் மலாய் ஐக்கிய மாநிலங்கள் பிரிட்டனுக்கு ஒரு போர்க்கப்பலையே பரிசாகக் கொடுக்க முன்வந்தன. ‘மலாயா’ என்ற அந்தக் கப்பல் 1915-ல் கடலில் இறங்கி, 1916-ல் ஜட்லண்ட் கடற்போரில் குண்டடி பட்டது. அதற்கான பணம் ஈயமும் ரப்பரும் தந்த வருமானத்திலிருந்து போனது. பால்வெட்டிய கையை எவர் நினைத்தார்? 7 வயது முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்ற 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தையே பல தோட்டங்கள் பேருக்குத்தான் நிறைவேற்றின. ஒற்றை ஆசிரியர், ஓர் ஓலைக் கொட்டகை. அங்கே திடல் எங்கே, கேடட் எங்கே?

நம்மவர்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. 1914-லேயே கோலாலம்பூரில் தமிழர் உடற்பயிற்சிச் சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். டி.பி.சி.ஏ. என்றால் பந்தாட்டம் பார்த்த பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கும். தன் உடம்பைத் தானே வளர்த்துக்கொள்ள யாருடைய உத்தரவும் வேண்டாம் அல்லவா?

துப்பாக்கி நம் தோட்டத்து ஜனங்களின் கைக்கு வந்தது 1943-ல். சிங்கப்பூரில் நேதாஜி அழைத்தார். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படை எழுந்தது. 18 வயதில் அதில் சேர்ந்த ஜானகி தேவர் கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பெண். அவரோடு வரிசையில் நின்றவர்களில் பலர் ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள். பள்ளித் திடலையே காணாதவர்கள். விடியுமுன்னே எழுந்து வரிசையில் நிற்க மட்டும் அவர்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.