துடைக்கத் துடைக்க வரும் தடங்கள்: இண்டெக்ஸ்.டாட்டும் குக்கியும்

விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்திலேயே வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினவங்க 'இண்டெக்ஸ்.டாட்' என்ற பெயரை ஒரு தடவையாவது கேள்விப்பட்டிருப்பீங்க. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஹிஸ்டரியை அழிச்சாச்சு, டெம்ப்ரரி ஃபைல்களை அழிச்சாச்சு, குக்கிகளையும் அழிச்சாச்சு. அதுக்குப் பிறகும் நீங்க போன பக்கங்களின் முகவரி ஒரு கோப்புக்குள்ளே கிடக்குது. அதை டெலீட் பண்ணப் போனா, பயன்பாட்டில் இருக்குன்னு விண்டோஸ் மறுக்குது. யாருக்குத்தான் சந்தேகம் வராது? மைக்ரோசாஃப்ட் நம்மை வேவு பார்க்குதுன்னு அப்போ இணையம் முழுக்கக் கட்டுரைகள் சுற்றிச்சு.

அந்தக் கதையை வருஷ வாரியா எழுதி வைக்கலாம்னுதான் இந்தப் பதிவு. பழங்கதைதானேன்னு தள்ளிடாதீங்க. நம்ம கம்ப்யூட்டரில் எது இருக்கலாம்னு முடிவு பண்றது யாரு, சேரும் குப்பையை அள்ள வேண்டியது யாரு என்ற சண்டை அப்போ ஆரம்பிச்சது. இன்னும் முடிஞ்ச பாடில்லை.

வீட்டுக்குள்ளேயே கிடக்கும் தடம்

முதலில் இண்டெக்ஸ்.டாட்டுக்கு ஒரு நியாயம் சொல்லணும். அது உளவாளி இல்லை, வெறும் பேரேடு. டயல்-அப் காலத்தில் ஒரு படம் இறங்கவே நிமிஷக் கணக்காகும். அதனால் ஒரு தடவை இறங்கின படத்தை பிரவுசர் ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைக்கும். எந்த முகவரியின் படம் எந்தக் கோப்பில் இருக்குன்னு குறிச்சு வைக்க ஒரு அட்டவணை வேணுமே, அதுதான் இது. டெம்ப்ரரி ஃபைல்களுக்கு ஒண்ணு, ஹிஸ்டரிக்கு ஒண்ணு, குக்கிகளுக்கு ஒண்ணுன்னு பல இடத்தில் இருக்கும்.

சிக்கல் என்னன்னா, அழின்னு சொன்னா உள்ளே இருக்கும் எழுத்தெல்லாம் அழியாது. சில பதிவுகள் 'இது இனி வேண்டாம்' என்ற குறியோடு அப்படியே கிடக்கும். போதாக்குறைக்கு அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரே காட்டாது. 'மறைத்த கோப்புகளைக் காட்டு' என்று டிக் அடிச்சாலும் காட்டாது, முழுப் பாதையையும் டைப் பண்ணினால்தான் உள்ளே போகலாம். விண்டோஸ் 98-இல் கம்ப்யூட்டரை டாஸ் மோடில் ரீஸ்டார்ட் பண்ணி அழிப்போம். எக்ஸ்பியில் அந்த வழியும் இல்லை. வேறொரு பயனர் கணக்கில் நுழைந்து அழிக்கணும், இல்லைன்னா அதுக்குன்னு ஒரு மென்பொருள் தேடணும்.

இந்தத் தடம் வெளியே எங்கேயும் போகாது. அதனால் ஆபத்து, அதே கம்ப்யூட்டரில் உட்காரும் அடுத்த ஆளால்தான். பிரவுசிங் சென்டரில் அட்ரஸ் பாரில் ஒரு எழுத்தைத் தட்டினாலே, நமக்கு முன்னால் இருந்தவர் போன இடங்கள் வரிசையா வந்து நிக்குமே, அந்த வகை. 2012-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10-இல் இண்டெக்ஸ்.டாட் போய் அந்த இடத்தில் வேறொரு தரவுத்தளம் வந்தது. 2022 ஜூன் 15-இல் விண்டோஸ் 10-இன் வழக்கமான பதிப்புகளில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே விடை கொடுத்தாங்க.

நாம பயந்தது இந்தக் கோப்பைப் பார்த்து. ஆனா வெளியே போய்ப் பேசினது பக்கத்து ஃபோல்டரில் இருந்த குக்கி.

வெளியே போகும் தடம்

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோண்டுல்லி என்ற பொறியாளர் குக்கியை உருவாக்கினார். எம்.சி.ஐ. என்ற தொலைபேசி நிறுவனம் இணையக் கடை ஒண்ணு கட்ட நினைச்சது. வாடிக்கையாளர் கூடையில் போட்ட பொருள் விவரத்தைத் தன் சர்வரில் சுமக்க அதுக்கு விருப்பமில்லை. அந்த விவரத்தை வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்னக் குறிப்பா வைக்கலாம் என்பதுதான் யோசனை. யூனிக்ஸ் புரோகிராமர்கள் நடுவே ஏற்கெனவே புழங்கின 'மேஜிக் குக்கி' என்ற சொல்லில் இருந்து பெயர் எடுத்தார்.

இதில் எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் உண்டு. ஒவ்வொரு பிரவுசருக்கும் எல்லாத் தளங்களும் பார்க்கும்படி ஒரே அடையாள எண் கொடுத்திருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்கும். அப்படிச் செஞ்சா ஒரு ஆளைத் தளம் தளமா பின்தொடரலாம் என்றுதான் மோண்டுல்லி அந்த யோசனையை ஒதுக்கினார். எந்தத் தளம் குக்கி கொடுத்ததோ அந்தத் தளத்துக்கு மட்டுமே பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். நல்ல பூட்டுதான். ஆனா பக்கத்தில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

நீங்க ஒரு செய்தித் தளத்துக்குப் போறீங்க. அந்தப் பக்கத்தில் இருக்கும் விளம்பரப் படம் செய்தித் தளத்தின் சர்வரில் இல்லை, விளம்பர நிறுவனத்தின் சர்வரில் இருக்கு. படம் கேட்டு பிரவுசர் அங்கே போகும்போது அந்த நிறுவனமும் ஒரு குக்கியைக் கையில் கொடுத்து அனுப்பும். அப்புறம் நீங்க சமையல் தளத்துக்குப் போறீங்க, மருந்து பற்றிப் படிக்கப் போறீங்க. அங்கேயும் அதே நிறுவனத்தின் படம் இருந்தா, பிரவுசர் பழைய குக்கியை எடுத்து நீட்டும், கூடவே எந்தப் பக்கத்தில் இருந்து வர்றோம்னும் சொல்லும். மூணு இடத்துக்கும் போனது ஒரே ஆள்னு அந்த நிறுவனத்துக்குத் தெரிஞ்சு போச்சு. இதைத்தான் தேர்ட் பார்ட்டி குக்கி, மூன்றாம் ஆள் குக்கின்னு சொல்றாங்க. படம் கண்ணுக்குத் தெரியணும்னு கூட இல்லை, ஒரே ஒரு புள்ளி அளவு இருந்தாலே போதும்.

1997-இல் தவறவிட்ட இடம்

குக்கி வந்து ஒரு வருஷத்துக்கும் மேல் பொதுமக்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. 1996 பிப்ரவரியில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்த பிறகுதான் வெளியே பேச்சு ஆரம்பிச்சது.

இதற்கிடையில் இணையத் தரங்களை வகுக்கும் ஐ.ஈ.டி.எஃப். குழுவில் குக்கிக்கு முறையான விதி எழுதிக்கிட்டு இருந்தாங்க. பெல் லேப்ஸின் டேவிட் கிறிஸ்டலும் மோண்டுல்லியும் சேர்ந்து எழுதின அந்த ஆவணம், ஆர்.எஃப்.சி. 2109, 1997 பிப்ரவரியில் வெளியானது. மூன்றாம் ஆள் குக்கியை பிரவுசர் அனுமதிக்கக் கூடாது, அனுமதிக்க ஒரு வசதி வைத்தாலும் அது டீஃபால்ட்டா அணைஞ்சுதான் இருக்கணும் என்பது அதன் சாரம். அதாவது நீங்க எதையும் தொடாம விட்டா கதவு சாத்தியிருக்கணும்.

விளம்பர நிறுவனங்கள் எதிர்த்தன. அன்றைக்கு இருந்த ரெண்டு பெரிய பிரவுசர்களும், நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும், அந்த விதியைப் பின்பற்றலை. கதவு திறந்தபடியே இருந்தது. வேணும்னா மெனுவுக்குள்ள போய் நீங்களே சாத்திக்கோங்கன்னு விட்டுட்டாங்க. மெனுவுக்குள்ள எத்தனை பேர் போவாங்க? வீட்டு உபயோகிப்பாளர் தலையில் துப்புரவு வேலை விழுந்தது இங்கேதான்னு நான் நினைக்கிறேன்.

திறந்த கதவால் என்ன ஆகும்னு சீக்கிரமே தெரிஞ்சது. டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனம் 1999-இல் அபேகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினது. தபால் கேட்டலாக் பார்த்துப் பொருள் வாங்கின அமெரிக்கக் குடும்பங்களின் பெயர், முகவரி, வாங்கின பொருள் எல்லாம் அபேகஸிடம் இருந்தது. பெயர் தெரியாத குக்கியையும் பெயர் தெரிஞ்ச பட்டியலையும் இணைக்கும் திட்டம் வெளியே வந்ததும் வழக்குகள் பாய்ந்தன, அமெரிக்க வணிக ஆணையமான எஃப்.டி.சி. விசாரணை தொடங்கினது. 2000 மார்ச்சில் டபுள்கிளிக் பின்வாங்கினது. அந்த நிறுவனத்தை 2008-இல் கூகுள் தன்னோடு சேர்த்துக்கிட்டது.

துடைப்பக் காலம்

2000-இல் ஸ்டீவ் கிப்சன், விளம்பர உளவு நிரல்களை நீக்க 'ஆப்ட்அவுட்' என்ற சின்ன மென்பொருளை வெளியிட்டார். லாவாசாஃப்டின் ஆட்-அவேர், பேட்ரிக் கொல்லாவின் ஸ்பைபாட் இரண்டும் வீட்டுக்கு வீடு வந்தது. 2003-இல் சிகிளீனர் வந்தது. இண்டெக்ஸ்.டாட்டை அழிக்க அதில் தனியா ஒரு டிக் பெட்டியே உண்டு. வாரம் ஒரு நாள் ஸ்கேன் போட்டு, இத்தனை டிராக்கிங் குக்கி சிக்கிச்சுன்னு எண்ணிப் பார்த்து சந்தோஷப்பட்ட காலம் :-)

மக்கள் குக்கியை அழிக்கப் பழகினதும் எதிர்த்தரப்பு என்ன செஞ்சது? அழியாத இடம் தேடினது. ஃபிளாஷ் பிளேயர் 2002 முதல் தனக்குன்னு ஒரு குறிப்பு வைக்கும் வசதி கொண்டிருந்தது. டீஃபால்ட்டா 100 கிலோபைட் இடம், காலாவதித் தேதி கிடையாது, பிரவுசரின் 'குக்கிகளை அழி' பட்டன் அதைத் தொடாது. 2005-இல் யுனைடெட் வர்ச்சுவாலிட்டீஸ் என்ற நிறுவனம், அழித்த குக்கியை ஃபிளாஷ் மூலம் மீட்டுத் தருவோம்னு வெளிப்படையாவே வியாபாரம் அறிவிச்சது. 2009-இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னணி 100 தளங்களை ஆராய்ந்தபோது பாதிக்கு மேல் ஃபிளாஷ் குக்கி இருந்தது. நாம் அழித்த சாதாரணக் குக்கி அதிலிருந்து அதே எண்ணோடு திரும்ப முளைச்சதையும் பார்த்தாங்க. 2011-இல்தான் பிரவுசரில் இருந்தே அதை அழிக்க அடோபி வழி செஞ்சது. 2020 டிசம்பர் 31-ஓட ஃபிளாஷுக்கே ஆதரவு நின்றது.

துடைப்பத்துக்கே அழுக்கு

2017 ஜூலையில் சிகிளீனரை அவாஸ்ட் என்ற ஆன்ட்டி வைரஸ் நிறுவனம் வாங்கினது. ஆகஸ்டில் வெளியான 5.33 பதிப்புக்குள் யாரோ தீய நிரலைச் சேர்த்துட்டாங்க. அதை நிறுவினவர்கள் சுமார் 22.7 லட்சம் பேர். சுத்தம் பண்ணப் போன வண்டியிலேயே திருடன் ஏறி வந்த கதை.

அது வெளியாள் செஞ்ச வேலை. அடுத்தது அப்படியில்லை. பின்தொடரும் குக்கிகளைத் தடுப்போம்னு சொல்லி அவாஸ்ட் கொடுத்த பிரவுசர் இணைப்புகள், பயனர்கள் எங்கே போறாங்கன்னு சேகரிச்சு, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியா விற்றன. 2020 ஜனவரியில் மதர்போர்ட், பிசிமேக் ரெண்டு இதழ்களும் இதை வெளிக்கொண்டு வந்ததும் ஜம்ப்ஷாட்டை மூடினாங்க. 2024-இல் எஃப்.டி.சி. 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது.

கதவு எங்கே சாத்தினாங்க?

ஆப்பிளின் சஃபாரி 2003-இல் வந்தபோதே மூன்றாம் ஆள் குக்கியை டீஃபால்ட்டா ஓரளவு தடுத்தது. அதைச் சுற்றி வந்ததுக்காக 2012-இல் கூகுள் 2.25 கோடி டாலர் அபராதம் கட்டினது. 2020 மார்ச்சில் சஃபாரி முழுசா சாத்தினது. ஃபயர்ஃபாக்ஸ் 2019-இல் தெரிந்த உளவுக் குக்கிகளை டீஃபால்ட்டா தடுத்தது, 2022-இல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி டப்பாவில் பூட்டினது. கிறிஸ்டல் கேட்டது கிடைக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. குரோம் 2020-இல், ரெண்டு வருஷத்தில் நிறுத்திடுவோம்னு சொல்லி, தள்ளித் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டது. 2025 ஏப்ரலில், தனியா ஒரு கேள்விப் பெட்டி கூட வராதுன்னு அறிவிச்சது.

இன்னொரு உண்மையும் சொல்லணும். குக்கியே இல்லாமலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம். திரை அளவு, எழுத்துருக்கள், பிளக்-இன்கள், நேர மண்டலம் எல்லாம் சேர்ந்தா அதுவே ஒரு கைரேகை. 2010-இல் இ.எஃப்.எஃப். அமைப்பு சோதிச்சதில் 83.6 சதவீத பிரவுசர்கள் தனித்து அடையாளம் தெரிஞ்சது. இதை அழிக்க நம்ம டிஸ்க்கில் கோப்பே கிடையாது. துடைப்பத்தால் ஆகாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

அதனால் என் வீட்டில் நான் வெச்சிருக்கும் ஏற்பாடு இவ்வளவுதான்:

1. தனி கிளீனர் மென்பொருள் எதுவும் இல்லை. பிரவுசருக்குள்ளேயே இருக்கும் அழிக்கும் வசதி போதும்.

2. ஃபயர்ஃபாக்ஸில் பாதுகாப்பை 'கண்டிப்பு' நிலையில் வெச்சிருக்கேன். குரோமே வேணும்னா செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் மூன்றாம் ஆள் குக்கியைத் தடுங்க. ஒரே நிமிஷ வேலை.

3. யூபிளாக் ஆரிஜின். குக்கி கொடுக்கும் சர்வருக்கு பிரவுசர் போகவே போகாதபடி பார்த்துக்கும்.

4. வீட்டில் ஆளுக்கொரு பயனர் கணக்கு. வீட்டுக்குள் கிடக்கும் தடத்துக்கு இதுதான் மருந்து. பிரைவேட் விண்டோவும் இந்த வகைக்குத்தான் உதவும். நீங்க போன தளம் உங்களைப் பார்க்காதுன்னு அர்த்தமில்லை.

கடைசியா நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணு. நாம பதிவுப் பக்கத்தில் ஒட்டும் கவுண்ட்டர், விளம்பரப் பெட்டி, விட்ஜெட் எல்லாமே இன்னொரு சர்வரில் இருந்து வர்ற மூன்றாம் ஆள்தான். படிக்க வர்றவங்களுக்கு எது டீஃபால்ட்னு அங்கே முடிவு பண்றது நாம. எத்தனை பேர் வந்தாங்கன்னு தெரியாம எழுதறது கொஞ்சம் கஷ்டம்தான், ஒத்துக்கறேன். இருந்தாலும் நான் கவுண்ட்டர் வைக்கறதில்லை. படிச்சேன்னு நீங்க ஒரு வரி பின்னூட்டம் போட்டா அதுவே போதும்.