வைக்கோற் கட்டும் உழைப்பவர் கையும்

தெம்பனிஸ் வட்டாரத்தில் இன்று வைக்கோற் போர் ஒன்றைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். ரப்பர் தோட்டங்களும் மணற் குழிகளும் இருந்த அவ்விடத்தில் 1970-களின் பிற்பகுதி முதல் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1992-ஆம் ஆண்டில் உலக வாழ்விடப் பரிசும் அந்நகருக்குக் கிடைத்தது. அத்தகைய இடத்தில் வாழும் நமக்கு வைக்கோலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். நம்மிற் பலருடைய பாட்டனும் பாட்டியும் நெற்களத்திலிருந்து கப்பலேறியவர்கள் என்பதே அதற்கு விடையாகும்.

இந்நகரிலும் மாடுகள் இருந்தன. நாம் தேக்கா என வழங்கும் இடத்துக்கு மலாய் மொழியில் கண்டாங் கெர்பாவ் என்று பெயர். எருமைக் கொட்டில் என்பது அதன் பொருள். பஃபலோ ரோடு என்னும் பெயரும் அந்நாளையதே. பெலிலியோஸ் ரோடு, கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு கால்நடை வணிகரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. வணிகர் பெயர் வீதிக்கு நிலைத்தது. எருமையின் பெயருங்கூட நிலைத்தது. அவ்வெருமைக்குப் புல்லறுத்துக் கட்டித் தலையிற் சுமந்து வந்தவனுக்கு மட்டும் ஒரு சந்தின் பெயரும் இல்லை. சரித்திரம் எழுதப்படும் முறை இதுவென்றால், அதனைச் சற்றே திருத்தி எழுதுவது நம் கடமையன்றோ?

நம் முன்னோர் விட்டுவந்த களத்தை இனிப் பார்ப்போம். காவிரிப் பாய்ச்சலில் அறுவடை என்பது நெல்லோடு முடிவதில்லை. கதிரை அறுத்து, அரி அரியாகப் பரப்பி, கட்டாகக் கட்டி, தலையிற் சுமந்து களத்திற் சேர்த்து, அடித்து, மாடு கட்டிப் போரடித்து, வைக்கோலை உதறிக் காயவைத்துப் போர் போட்டு முடிக்கும் வரையில், ஒவ்வொரு தாளும் பலமுறை மனிதர் கைவழியே சென்றது. வைக்கோலையே பிரியாகத் திரித்துக் கட்டினர். மழைநீர் உள்ளிறங்காதபடி போரைச் சரிவாக வேய்ந்தனர். ஏட்டில் எழுதாத வித்தையாதலால் இதனை வித்தையென்றே எவரும் ஒப்பவில்லை. செய்தவர் பண்ணையாட்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். நெல் நிலக்காரருடையது, வைக்கோல் அவருடைய மாட்டுக்கு, உழைத்தவருக்கு மரக்காலால் அளந்த கூலி நெல்.

அக்கூலி போதாமையும், சாதியின் நெருக்கடியும், பஞ்சமும் சேர்ந்தே மக்களை நாகப்பட்டினத்துத் துறைக்குத் தள்ளின. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி பிடிப்பது 1910-இல் நின்றது. கங்காணி வழியில் ஆள் வருவதை இந்திய சர்க்கார் 1938-இல் தடுத்தது. ஊரில் தங்கியவர் நிலையோ எளிதில் மாறவில்லை. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்த பின்னரும் கூலிப் போராட்டம் ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்த கீழ்வெண்மணித் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அறுவடைக் கூலி என்னும் இரு சொற்களுக்குப் பின்னால் இத்தனை துயரம் உண்டு.

இதே காலத்தில் மேல்நாட்டில் கட்டுக் கட்டும் வேலை கையினின்று யந்திரத்துக்கு மாறி வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் குதிரையைக் கொண்டு உலர்புல்லை அழுத்தும் பெட்டிகள் அமெரிக்காவில் பரவின. கயிற்றைத் தானே முடிச்சிடும் கருவியை ஜான் ஆப்பிள்பி என்பவர் செம்மைப்படுத்த, 1878 முதல் அது கதிர்க்கட்டு யந்திரங்களில் ஏறியது. ஆயினும் வயலில் ஓடும் புற்கட்டு யந்திரத்தின் இருபுறமும் ஆட்கள் அமர்ந்து, தூசியை விழுங்கிக்கொண்டு கம்பி கோத்துக் கட்டினர். பென்சில்வேனியாவின் எட்வின் நோல்ட் அமைத்த யந்திரம் 1940-இல் விற்பனைக்கு வந்தபோதுதான் அவ்வேலையும் தானே நடக்கலாயிற்று. 1971-இல் ஐயோவாவின் கேரி வெர்மீர் பெரிய உருளைக் கட்டைச் செய்து காட்டினார்.

காவிரி வயலுக்கு இது நேரே வரவில்லை. முதலில் வந்தது அறுவடை யந்திரம். அது நெல்லைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வைக்கோலை வயலெங்கும் சிதறிப் போட்டது. அதனைக் கூட்டியெடுக்க ஆள் இல்லாத நிலையில் டிராக்டரின் பின்னே வைக்கோல் கட்டும் யந்திரம் வந்தது. டிராக்டரின் சுழல்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றி அதனை இயக்குகின்றது. கம்பிப் பற்கள் தரையிலிருந்து வைக்கோலை வாரி உள்ளே தள்ள, உருளைகள் அதனைப் பாய்போலச் சுருட்டி இறுக்க, கயிறு சுற்றி வரிந்தவுடன் பின்கதவு திறந்து கட்டு வெளியே விழுகின்றது. ஒருவர் தூக்கத்தக்க எடைதான்.

யந்திரமாயினும் அறிவின்றி ஓட்ட இயலாது. பற்கள் மண்ணைக் கிளறாத உயரத்தில் நிற்க வேண்டும். கயிறு சரியாகக் கோக்கப்பட வேண்டும். பனி உலருமுன் கட்டினால் வைக்கோல் பூத்துப் போகும். 100-க்கு 20 பங்குக்கு மேல் ஈரமிருப்பின் கட்டு உள்ளே சூடேறிக் கெடும். அடைத்துக்கொண்ட வைக்கோலைச் சுழல்தண்டை நிறுத்தாமற் கையால் இழுத்துக் கையையே இழந்தவர் பல நாடுகளிலும் உண்டு. முன்னோர் விரல்நுனியில் ஈரம் பார்த்த அறிவு இங்கும் வேண்டியதாகவே இருக்கின்றது.

இதைக் கண்டு, பழைய களம் போயிற்றே என்று அழுவோர் கூட்டத்தில் நாம் சேரமாட்டோம். களத்துப் பாட்டின் இனிமையைப் புகழ்பவர் பெரும்பாலும் கட்டுச் சுமந்தவர் அல்லர். 1929-30-இல் இந்நாட்டுக்கு வந்த பெரியார், பின்னர் ‘இனி வரும் உலகம்’ என்னும் நூலில், யந்திரம் மனிதனுடைய வேலை நேரத்தைக் குறைக்கும் காலத்தை வரவேற்றே எழுதினார். ஆனால் குறைந்த வேலையின் பயன் யாரைச் சேர்ந்தது என்பதே நம் கேள்வி. வைக்கோல் இன்று கட்டுக்கு இவ்வளவென்று விலைபேசப்பட்டு லாரியேறி வெளியூர் செல்கின்றது. அரிவாளோடு வயலில் இறங்கிய பெண்ணுக்குக் கூலியும் நின்றது. அவளுடைய ஒற்றைப் பசுவுக்கு வைக்கோலும் விலைப்பொருளாயிற்று.

ஞாயிறு மாலையில் சிராங்கூன் சாலையில் கூடும் கட்டடத் தொழிலாளரைக் கேட்டுப் பாருங்கள். தஞ்சையும் திருவாரூரும் சொந்த ஊர் என்று சொல்வோர் பலர் இருப்பர். 100 ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டன் வந்த வழியில், கப்பலுக்குப் பதில் விமானத்தில், அவர்கள் வந்திருக்கின்றனர். யந்திரத்தைத் தடுப்பதால் அவர்கள் துயர் தீராது. உழைப்பவர் கூட்டாகச் சேர்ந்து யந்திரத்துக்கு உடையவராவதும், அதனை ஓட்டும் கல்வி அவர் பெண்மக்களுக்கும் கிட்டுவதுமே வழியாகும். கட்டுச் சுமந்த தலை நிமிர்ந்தால்தான் யந்திரம் வந்ததற்குப் பொருள் உண்டு.