கிராபிக்ஸ் கார்டின் பிணிச் சரித்திரம்

புதுக்கோட்டைச் சீமையின் பூர்வ சரித்திரத்தைச் சாசனங்களின் துணைகொண்டு ஆராய்கிறவர்களுக்குக் குன்றாண்டார்கோவில் அபரிசிதமான ஊர் அன்று. குன்றைக் குடைந்தெடுத்த சிவாலயமும், நந்திவர்ம பல்லவமல்லன், தந்திவர்மன் ஆகியோர் காலத்துக் கல்வெட்டுக்களும், பிற்காலத்தில் விஜயநகரப் பாணியில் சக்கரங்களும் குதிரைகளும் கூடிய தேரின் உருவத்தில் எழுப்பப்பட்ட கல் மண்டபமும் அச்சிற்றூருக்கு அதன் அளவுக்கு மிஞ்சிய கீர்த்தியைத் தேடித் தந்திருக்கின்றன. கல்வெட்டுப் படித்துப் பழகியவர்கள் ஒன்றை அறிவார்கள்: இன்ன அரசனுக்கு இன்ன யாண்டில் இன்னார் இன்னதைக் கொடுத்தார் என்பதைக் கல் சொல்லும், அந்தச் சமயத்தில் ஊரில் என்ன நெருக்கடி இருந்தது, கொடுத்தவருக்கு என்ன கவலை இருந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. இதே ஊரில் ஒரு கல்லூரி மாணவன் இராப்பொழுதில் கணினியில் விளையாடிக்கொண்டிருக்கையில் திரை கறுத்து, ஒலி மாத்திரம் இரண்டு விநாடி இழுத்து நின்று, ஆட்டம் அறுந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் தன் பதிவேட்டில் 4101 என்ற எண்ணிட்டு, நாள், மணி, நிமிஷம் எல்லாம் தவறாமல், படத்துக்குரிய டிரைவர் பதில் சொல்லாமல் நின்று பின் மீண்டது என்று எழுதி வைக்கும். அதுவும் ஒரு கல்வெட்டுத்தான். ஏன் நின்றது என்று அதில் இராது.

இந்த ‘ஏன்’ என்பதைத் துருவுகிற தொழில் கணினியோடு பிறந்ததன்று. 1939-ஆம் வருஷம் மே மாதம் 16-ஆம் தேதி திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியபோது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். 1948 மார்ச்சில்தான் அது இந்திய யூனியனில் இணைந்தது. ஆனால் ரேடியோ அலைகள் சமஸ்தான எல்லையில் நின்று அனுமதி கேட்டனவா என்ன? அந்த வால்வு ரேடியோக்கள் கரகரத்து ஓய்ந்தபோதெல்லாம் அவற்றைப் பிரித்துப் பார்த்த மனிதர்கள், தர்க்க சாஸ்திரிகள் அன்வயம் என்றும் வியதிரேகம் என்றும் வழங்கும் யுக்தியையே, பெயர் தெரியாமல், அன்றாடம் பிரயோகித்து வந்தார்கள். சந்தேகத்துக்குரிய வால்வைக் கழற்றி நல்ல ரேடியோவில் பொருத்தினால் அந்த நல்ல ரேடியோவும் ஊமையாகிறதா, நல்ல வால்வை இதில் பொருத்தினால் இது பேசுகிறதா என்ற இரண்டு கேள்விகளே அவர்களுடைய ஞானத்தின் பாதி. சென்னையில் மவுண்ட் ரோட்டை அடுத்த ரிச்சி தெரு, ரேடியோ உதிரிப்பாகங்களிலிருந்து டேப் ரிக்கார்டருக்கும், தொலைக்காட்சிக்கும், முடிவில் கணினிக்குமாகத் தன் கடைப்பலகைகளை மாற்றிக்கொண்டே வந்ததேயன்றி இந்த யுக்தியை மாற்றிக்கொள்ளவில்லை. சிறு நகரங்களின் பிரவுசிங் சென்டர்களில், கவுண்டர் ஸ்டிரைக் ஆடிக்கொண்டிருந்த பையன்களின் ஆரவாரத்துக்கு நடுவே, உறைந்துபோன இயந்திரத்தின் ராமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்து மீண்டும் செருகியவர்களும் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர்களே.

படத்துக்கென்று தனியாக ஒரு கார்டு விளையாட்டுக்காரர்களின் ஆசைப்பொருளானது 1996-இல் திரீடிஎஃப்எக்ஸ் கம்பெனியார் வூடூ என்ற அட்டையை வெளியிட்டபோதுதான். அதில் நான்கு மெகாபைட் நினைவகம்; விசிறி கிடையாது; தனி மின் இணைப்பும் கிடையாது; தாய்ப்பலகை கொடுத்த மின்சாரத்தை உண்டு தன் வேலையைச் செய்தது. 1999-இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 வந்தது; அதன்பின் ஒவ்வோராண்டும் கார்டின் சாமர்த்தியம் வளர்ந்ததற்கு இணையாக அதன் பசியும் வளர்ந்தது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பள்ளம் தரக்கூடியது 75 வாட். அது போதாமல் ஆறு ஊசிகள் கொண்ட இணைப்பு ஒன்று மேலும் 75 வாட் கொண்டு வந்தது. எட்டு ஊசி இணைப்பு 150 வாட். 2022-இல் புழக்கத்துக்கு வந்த பன்னிரண்டு ஊசி இணைப்போ 600 வாட் வரை தாங்குவதாக வகுக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் சில கார்டுகளில் அவ்விணைப்பே உருகிப்போயிற்று. செருகியை முழுவதும் அழுத்தாமல் விட்டதே பெரும்பாலும் காரணம் என்று என்விடியா அறிவித்தது. அவ்வளவு மின்சாரம் பாயும் இடத்தில் அரை மில்லிமீட்டர் அலட்சியத்தை மன்னிக்காதபடி ஒரு செருகியை அமைத்தவர்கள் மீது சிறிதும் குற்றமில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

உண்ட மின்சாரம் முழுவதும் உஷ்ணமாகவே வெளிப்பட வேண்டும். சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் புதுக்கோட்டைப் பகுதியில், குளிர்சாதனமில்லாத ஓர் அறையில், செம்மண் தூசி படிந்து தகட்டு இடுக்குகள் அடைபட்ட ஒரு கார்டு, 25 டிகிரி அறையில் சோதிக்கப்பட்ட கார்டைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அறையின் உஷ்ணம் எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி கார்டின் உஷ்ணமும் ஏறும். ஆகவே ஆட்டம் தொடங்கிய உடனே விழுகிறதா, கால் மணி நேரம் கழித்து விழுகிறதா என்பதே அனுபவசாலி கேட்கும் முதல் கேள்வி. கழித்து விழுமானால் அவர் மூடியைக் கழற்றி, விசிறி சுழல்கிறதா என்று பார்த்து, தூசியை ஊதி, சில்லின்மேல் காய்ந்த வெப்பப் பேஸ்டைத் துடைத்துப் புதிது இடுவார். பாதி வழக்குகள் அங்கேயே தீரும்.

தீராத வழக்குகளின் சரித்திரமே சுவையானது. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில், உள்ளிருக்கும் ரசாயனத் திரவம் தவறாகச் சேர்க்கப்பட்ட கபாசிட்டர்கள் தைவானிலிருந்து உலகெங்கும் பரவி, தாய்ப்பலகைகளிலும் கார்டுகளிலும் தலை உப்பி, பழுப்பு நீர் கசிந்து செத்தன. அவற்றைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். ரேடியோக் காலத்து ஈயக்கம்பியும் சூட்டுக்கோலும் உடையவர் எவரும் பத்து ரூபாய்ச் சாமானில் மாற்றியும் விடலாம். ஆதலால் நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அது ஒருவிதப் பொற்காலம். அடுத்து வந்த வியாதி கண்ணுக்குத் தெரியாதது. 2006 ஜூலை முதல் தேதி ஐரோப்பாவில் மின்னணுச் சாதனங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் அமலுக்கு வந்து, 183 டிகிரியில் உருகிய பழைய ஈயப்பற்றின் இடத்தை 217 டிகிரி அளவில் உருகும் வெள்ளீய, வெள்ளி, தாமிரக் கலவை பிடித்துக்கொண்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் லாப்டாப்களின் படச் சில்லுகள் கூட்டங் கூட்டமாக மாண்டபோது, பழி முழுவதும் அந்தப் புதிய பற்றின்மேல் விழுந்தது. ஆனால் 2008 ஜூலையில் என்விடியா 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை இதற்கென ஒதுக்குவதாக வெளியிட்ட அறிக்கை, குறையைச் சில்லிலும் அதைப் பொதிந்த பொருட்களிலும் வைத்தது. சூடேறி ஆறுவதிலேயே நைந்துபோன அந்தச் சந்திகள் பலகையின்மேல் இருப்பவை அல்ல. சில்லுக்கும் அதன் அடித்தட்டுக்கும் இடையில் ஒளிந்திருப்பவை.

இவ்வேறுபாடு மெக்கானிக்குக்கு முக்கியமானது. ஆயினும் அநேகர் அதைக் கவனிக்கவில்லை. ஹீட் கன்னால் சில்லைச் சுட்டால் கார்டு பிழைக்கிறது என்பது ஊரெங்கும் பரவிற்று; மேல்நாட்டிலே சிலர் கார்டைச் சமையலறை அடுப்பிலேயே வேகவைத்தார்கள். பிழைத்தது உண்மை. சில வாரமோ சில மாதமோ பிழைத்து மறுபடியும் இறந்தது என்பதும் உண்மை. சூடு பட்டு விரிந்த இடத்தில் அறுந்த சந்தி தற்காலிகமாக ஒட்டிக்கொண்டதேயன்றிக் குணமாகவில்லை. காரணத்தைத் தொடாமல் காரியத்தை மாத்திரம் ஒத்திப்போடும் இந்த வைத்தியத்துக்குக் கூலி வாங்கியவர்கள் எல்லோரும் வஞ்சகர்கள் அல்லர். கண்ணெதிரே பிழைத்ததை நம்பாமல் இருப்பது கடினம். என்றாலும், அதைத் தெரிந்தே செய்து, வாடிக்கைக்காரர் கடைப்படி இறங்கிய பின் எது நடந்தாலும் தமக்கென்ன என்றிருந்தவர்களும் இத்தொழிலில் இருந்தார்கள் என்பதை மறைப்பானேன்?

டிரைவர் என்னும் மென்பொருளின் குற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, இரண்டு விநாடிக்குள் கார்டு பதில் தராவிட்டால் அதை உதறி எழுப்பும் ஏற்பாடும் கூட வந்தது. அவ்வாண்டு மைக்ரோசாப்டின் கணக்கில் விஸ்டா விழுந்த சம்பவங்களில் 28.8 விழுக்காடு என்விடியா டிரைவர்கள் தலையில் எழுதப்பட்டதாகப் பின்னர் ஒரு நீதிமன்ற வழக்கின் ஆவணங்களில் வெளியாயிற்று. 2010 மார்ச்சில் 196.75 என்ற பதிப்பு விசிறியின் வேகத்தைச் சரியாக ஆளாமல் கார்டுகளைச் சூட்டில் வாட்டியதனால் திரும்பப் பெறப்பட்டது. பழைய டிரைவரைத் துப்புரவாக நீக்கிப் புதியதை இடுவதும், புதியதில்தான் தொல்லை ஆரம்பித்தது என்றால் பழையதற்கே திரும்புவதும் ஆகிய இரண்டும் செலவில்லாத பரிகாரங்கள். ஆகையால் திருப்புளியைக் கையில் எடுக்குமுன் செய்யத்தக்கவை.

இனி மின்சாரம். கிராமத்து மின்கம்பியில் 230 வோல்ட் என்பது ஓர் இலட்சியம். கிணற்று மோட்டார் ஒன்று கிளம்பும் கணத்தில் அது ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அந்தக் கணத்தில் பக்கத்து வீட்டு விளக்கு மங்குவதைக் காணாதவர் யார்? 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டில் கிடந்த மக்கள், மின்சாரம் வருவதையே பாக்கியமாகக் கருதினார்கள். எத்தனை வோல்டேஜில் வருகிறது என்று கேட்க அவர்களுக்கு வாய் எழவில்லை. இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்து 12 வோல்ட்டை 11.4-க்குக் கீழே இறங்காமல் காப்பது எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெட்டியின் கடமை. நம்மவர்கள் கார்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, கேபினெட்டோடு இலவசமாக வந்த பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை வேதவாக்காக நம்பி விடுகிறார்கள். கார்டின் சராசரிப் பசி ஒன்று. ஆட்டத்தில் ஒரு குண்டு வெடித்துத் திரை முழுவதும் தீப்பற்றும் கணத்தில் அது கேட்பது வேறு. அந்தக் கணநேரத் தாவல் எவ்வளவு பெரிதென்றால், 2022-இல் வகுத்த புதிய விதி, தன் வாட் அளவைப் போல் இரு மடங்கை ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் எஸ்.எம்.பி.எஸ். தாங்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஆட்டத்தின் நடுவே கணினி முழுவதும் அணைந்து தானே மறுபடி கிளம்புமானால், முதற் சந்தேகம் கார்டின் மேல் அல்ல, இந்தப் பெட்டியின் மேல்தான் விழவேண்டும். 2020 செப்டம்பரில் ஆர்.டி.எக்ஸ். 3080 கார்டுகள் வெளிவந்த சில தினங்களிலேயே ஆட்டத்தில் விழத் தொடங்கியபோது, சில்லின் பின்புறத்துக் கபாசிட்டர்களின் வகை பற்றி உலகமே தர்க்கித்தது. மாத இறுதியில் வந்த 456.55 என்ற டிரைவர் பெரும்பாலோருடைய தொல்லையைத் தணித்தது. மின்சாரத்தின் குற்றமா, மென்பொருளின் குற்றமா என்ற எல்லைக்கோடு அங்கே எவ்வளவு மெல்லியது!

பழி தவறான இடத்தில் விழுந்ததற்கு இதைவிடப் பெரிய உதாரணமும் உண்டு. இன்டெலின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை உயர்ரகப் பிராசசர்களை வாங்கியவர்கள், ஆட்டத்தைத் திறந்தவுடன் வீடியோ நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்போடு அது விழுந்ததைக் கண்டு, கார்டைக் கடைக்குத் திருப்பி, வேறு கார்டு வாங்கி, அதிலும் அதே அறிவிப்பைக் கண்டு திகைத்தார்கள். அன்வயமும் வியதிரேகமும் அறிந்த பழைய ரேடியோக்காரர் அந்தக் கணத்திலேயே கார்டை விடுவித்திருப்பார். ஆட்டத்தின் சுருக்கப்பட்ட தரவுகளை விரிக்கையில் பிராசசர் கணக்குத் தப்பியதே மெய்யான காரணம். தேவைக்கு மீறிய வோல்டேஜ் அதை உள்ளிருந்தே நைத்திருந்தது. 2024 ஆகஸ்டில் இன்டெல் 0x129 என்ற திருத்தத்தை வெளியிட்டு, தாய்ப்பலகையின் பயாஸ் வழியாக அதை ஏற்றிக்கொள்ளச் செய்தது. ஏற்கெனவே நைந்த பிராசசரை அது குணப்படுத்தாது; மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்காக மூன்று ஆண்டு உத்தரவாதத்தை ஐந்தாக நீட்டியிருக்கிறார்கள். ஆகவே நம் மாணவன் அத்தகைய பிராசசரை 2023-இல் பெட்டியோடு வாங்கியிருந்தால், கடை பில்லைத் தொலைக்காத பட்சத்தில், 2028 வரை கேட்டுப் பெறலாம்.