குஞ்சுகளை எண்ணியவர்கள்



கோலசிலாங்கூரில் ஆற்றுப் படகில் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். படகோட்டி கோழித்தோலை நீரில் வீசுவார். கண்டல் மரங்களிலிருந்து செம்பருந்துகள் கிளம்பி, வட்டமிட்டு, நீரைத் தொட்டும் தொடாமலும் இரையைக் கவ்விச் செல்லும். நம் கோயில் குடமுழுக்கில் ஒரு கருடன் வானில் தோன்றினாலே கைகள் தலைக்குமேல் குவிகின்றன. அங்கோ ஒரே நேரத்தில் இருபது கருடன்கள்! சில வேளைகளில் அவற்றைவிடப் பெரிய வெண்வயிற்றுக் கடற்கழுகும் வந்து சேரும்.

ஆறாம் ஆண்டு மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றபோது, ஒரு மாணவி கூட்டத்தில் பறந்த பழுப்பு நிறப் பறவையைச் சுட்டிக்காட்டி, "ஐயா, அது மட்டும் ஏன் மங்கலாக இருக்கிறது?" என்று கேட்டாள். அது வேறு இனமாக இருக்கும் என்று கூறிவிட்டேன். வீடு திரும்பிப் பறவைக் கையேட்டைப் புரட்டியபோதுதான் என் பிழை விளங்கியது. செம்பருந்தின் இளம்பறவைக்குச் செந்நிற உடலும் வெண்தலையும் உடனே வாய்ப்பதில்லை. தொடக்கத்தில் அது பழுப்பாகவே இருக்கும். அவள் சுட்டியது கூட்டைவிட்டு வெளிவந்து அதிக காலம் ஆகாத ஒரு குஞ்சு. திங்கட்கிழமை வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன்.

ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. கழுகினம் நெடுநாள் வாழ்வது. ஒரு குஞ்சுகூடப் பிழைக்காத நிலையிலும் முதிர்ந்த பறவைகள் பல ஆண்டுகள் வானில் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும்; கீழிருந்து பார்ப்பவருக்கு யாதொரு குறையும் தெரியாது. கூட்டுக்குள் எட்டிப் பார்த்துக் குஞ்சுகளை எண்ணுபவருக்கே உண்மை புலப்படும். அவ்வாறு எண்ணியவர்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கப் போய், சற்றும் எதிர்பாராமல் நம் தோட்டப்புறத்து வரலாற்றிலேயே வந்து நின்றேன். அதைத்தான் இங்கு எழுதுகிறேன்.

கனடா நாட்டைச் சேர்ந்த சார்ல்ஸ் புரோலி ஒரு வங்கி மேலாளர். பணி ஓய்வு பெற்று, அறுபதை நெருங்கும் வயதில், குளிர்காலத்தைக் கழிக்க அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குச் சென்றார். நம்மில் பலர் ஓய்வுக்குப் பிறகு சாய்வு நாற்காலியைத் தேடுவோம். அவர் நூலேணியைத் தேடினார். 1939ஆம் ஆண்டு முதல் கடலோரத்து உயர்ந்த மரங்களில் ஏறி, வெண்தலைக் கழுகின் கூடுகளில் இருந்த குஞ்சுகளின் காலில் எண் பொறித்த வளையங்களை மாட்டினார். பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் அவர் கையால் வளையம் பெற்றன. 1940களின் பிற்பகுதியிலிருந்து கூடுகள் வெறுமையாகத் தொடங்கின. பெற்றோர்ப் பறவைகள் இருந்தன, குஞ்சுகள் இல்லை. 1958இல், எண்பதை நெருங்கிய வயதில், நூறு மைல் கடற்கரைக்கு மேல் அலைந்தும் ஒரே ஒரு குஞ்சுக்குத்தான் அவரால் வளையம் மாட்ட முடிந்தது. டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். மறு ஆண்டு மறைந்தார். அவர் குறித்து வைத்த எண்களை 1962இல் ரேச்சல் கார்சன் தம் 'மௌன வசந்தம்' நூலில் உலகறியச் செய்தார்.

அந்த ஐயம் உறுதியானது முட்டை ஓட்டில். 1967இல் பிரிட்டனைச் சேர்ந்த டெரெக் ராட்கிளிஃப், பழைய சேகரிப்புகளில் இருந்த வல்லூறு முட்டைகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடுகள் மெலிந்துவிட்டதைக் காட்டினார். நீரில் கலக்கும் நஞ்சு நுண்ணுயிரில் ஏறி, அதைத் தின்னும் மீனில் சேர்ந்து, மீனைத் தின்னும் பறவையில் பன்மடங்காகப் பெருகுகிறது. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேர்வதை அது தடுக்கிறது. தாய் அடைகாக்க அமர்கிறாள். அவள் எடையாலேயே முட்டை நொறுங்குகிறது.

டி.டி.டி. என்னும் பெயரைப் படித்தவுடன் எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. சுங்கை சோ பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். பிள்ளைகள் எத்தனை என்று எவரேனும் கேட்டால் ஒரே வாக்கில் விடை சொல்வார்: "பெத்தது ஏழு, நின்னது மூணு." நின்றவர்களை மட்டும் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. போன நால்வரில் மூவர் காய்ச்சலில் போனவர்கள், அதில் இருவர் கொய்னா மருந்து கிடைக்காத ஜப்பான்காரன் காலத்தில்.

அந்தக் காய்ச்சலையும் ஒருவர் குழந்தைகளைக் கொண்டே எண்ணியிருக்கிறார். 1901இல் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், தோட்டங்கள்தோறும் சென்று சிறுவர்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கினால் மண்ணீரல் வீங்கி விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்று கணக்கிட்டால் அந்தத் தோட்டத்தின் நிலை தெரிந்துவிடும். பெரியவர்கள் ஊர்விட்டு ஊர் மாறுவார்கள், அவர்கள் உடல் ஓரளவு பழகியும் போகும். குழந்தையின் மண்ணீரல் அந்த இடத்தின் உண்மையைச் சொல்லும்.

இக்கணக்கிலிருந்து வாட்சன் கண்டறிந்த ஒன்று நம் வட்டாரத்துக்கு மிகவும் பொருந்துவது. கடலோரச் சமவெளியில் காட்டை அழித்து வடிகால் வெட்டியபோது காய்ச்சல் குறைந்தது. மலையடிவாரத்தில் அதே வேலையைச் செய்தபோது காய்ச்சல் கூடியது! கரையோரச் சதுப்பில் வளரும் கொசு நிழலை நாடுவது. மலைச் சிற்றோடையில் வளரும் கொசுவோ வெயில்படும் தெளிந்த நீரை நாடுவது. காட்டை வெட்டி ஓடைக்கு வெயிலைக் காட்டியது தோட்ட நிருவாகம். அதன் விலையைக் கொடுத்தவர்கள் லயத்தில் படுத்திருந்த நம் முன்னோர். ஒரே மாநிலத்தில் ஒரே வேலை இரண்டு இடங்களில் இரண்டு விதமாக முடிந்ததை, பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு எண்ணியிராவிட்டால் எவரும் அறிந்திருக்கமாட்டார். பின்னர் நிலத்தடிக் குழாய்களும் ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதும் வந்தன. பெரட்டுக்களத்தில் கொய்னா கொடுத்தார்கள்.

போருக்குப் பின் டி.டி.டி. வந்தது. தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967இல் தொடங்கியது. மருந்தடிப்பவர்கள் வந்து, சாமான்களை வாசலுக்கு எடுக்கச் சொல்லி, பலகைச் சுவரெங்கும் தெளிப்பார்களாம். சுவரில் வெள்ளைக் கோடுகள் படியும். துடைக்கக் கூடாது என்பது கட்டளை. சுவரில் வந்து அமரும் கொசு சாக வேண்டும் அல்லவா! பாட்டி அந்தக் கோடுகளைத் திருநீற்றுக்கு ஒப்பிடுவார். அவர் பேரப்பிள்ளைகளில் ஒருவரும் காய்ச்சலால் போகவில்லை.

இங்கே நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. டி.டி.டி.யை முழுக்க முழுக்க அரக்கனாகக் காட்டும் பாடங்களைக் காண்கிறேன். ரேச்சல் கார்சன் அதைத் தடுத்துப் பல இலட்சம் பேரைக் கொன்றார் என்று எழுதுவோரும் உளர். இரண்டும் சரியல்ல என்பது என் துணிபு. கொசுவை அடக்கப் பூச்சிமருந்தே கூடாது என்று கார்சன் சொல்லவில்லை. 2001இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் நோய்க்கொசுவுக்கு எதிராக இதனைப் பயன்படுத்த இடமளிக்கிறது. வீட்டுச் சுவரில் தெளிப்பது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு கிராம். அமெரிக்கா வயலிலும் காட்டிலும் விமானங்களிலிருந்து கொட்டியதற்கும், அங்கே ஓர் ஆலை கடலில் கலந்ததற்கும் இந்த இரண்டு கிராமை ஒப்பிட இயலாது.

அந்த ஆலைதான் நம்மைத் தீவுகளுக்கு அழைத்துச் செல்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் அருகே 1947இல் தொடங்கிய மாண்ட்ரோஸ் நிறுவனம் டி.டி.டி. தயாரித்தது. அதன் கழிவு 1950கள் முதல் 1970களின் தொடக்கம் வரை நகரின் கழிவுநீர்க் குழாய் வழியே கடலுக்குச் சென்றது. கடலடியில் சேர்ந்த டி.டி.டி. 1,700 டன்னுக்கும் மேல் என்பது மதிப்பீடு. அந்தக் கடலுக்கு அப்பால் கலிபோர்னியாவின் சேனல் தீவுகள் எட்டு இருக்கின்றன; பெரும்பாலும் ஆளரவமற்ற, செங்குத்துப் பாறைகள் நிறைந்த தீவுகள். அங்கு வெண்தலைக் கழுகுகள் தலைமுறை தலைமுறையாகக் கூடு கட்டி வந்தன. 1960களின் தொடக்கத்தில் ஒன்றுகூட இல்லை. 1963இல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்கப் பெருநிலத்திலேயே கூடு கட்டிய இணைகள் 417 மட்டுமே. 1972இல் அந்நாடு டி.டி.டி.க்குத் தடை விதித்தது.

தடை விதித்தவுடன் கடல் தூய்மையாகிவிடாது. 1980 முதல் சாண்டா கட்டலினா தீவில் வேறிடத்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்து விட்டனர். அவை வளர்ந்து இணைசேர்ந்து 1987இல் முட்டையிட்டன. முட்டைகள் உடைந்தன. தடை வந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன!

அதன்பின் அவர்கள் செய்ததைப் படித்தபோது வியந்து போனேன். 1989 முதல் ஆய்வாளர்கள் பாறைக்கூடுகளை அடைந்து, உண்மையான முட்டையை எடுத்துக்கொண்டு போலி முட்டையை வைத்தார்கள். உண்மை முட்டை சான் பிரான்சிஸ்கோ விலங்குத் தோட்டத்தின் அடைகாப்புப் பெட்டிக்குச் சென்றது. தாயும் தந்தையும் ஏதும் அறியாமல் போலி முட்டையின் மேல் வாரக்கணக்கில் மாறி மாறி அமர்ந்திருக்கும். பிறகு ஒருநாள் மீண்டும் ஒருவர் கயிற்றில் இறங்கி, போலியை எடுத்துவிட்டு உயிருள்ள குஞ்சை வைப்பார். பெட்டியிலும் பல முட்டைகள் பொரியவில்லை. அப்போது வேறிடத்துக் குஞ்சு வந்தது. கழுகுகள் அதனைத் தம் பிள்ளையாகவே ஏற்று வளர்த்தன. இது ஓராண்டு ஈராண்டு அல்ல, ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள்.

கூட்டுக்குள் செல்வதற்கும் ஒரு காலம் உண்டு. குஞ்சுக்கு ஏறக்குறைய எட்டு வாரம் ஆகும்போது கால் முதிர்ந்து வளையம் பொருந்தும். அதே வேளையில் அஞ்சிக் கூட்டைவிட்டுக் குதிக்கும் வயது ஆகியிராது. அப்போது எடை பார்த்து, சிறிது இரத்தம் எடுத்து, காலில் வளையமும் சிறகில் எண்ணிட்ட பட்டையும் இடுவார்கள். கட்டலினாவின் குஞ்சுக்கு ஆரஞ்சுப் பட்டை, வடபுறத் தீவுகளின் குஞ்சுக்கு நீலப் பட்டை. அந்த இரத்தத்தில் நஞ்சின் அளவு தெரியும். அந்தப் பட்டையால் ஐந்தாண்டு கழித்துத் தலை வெளுத்த பறவையாக அது திரும்பி வரும்போது, யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரியும்.

2001இல் முடிந்த வழக்கில் மாண்ட்ரோஸ் உள்ளிட்ட தரப்பினர் ஏறக்குறைய 14 கோடி டாலர் தர நேர்ந்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு 2002 முதல் 2006 வரை சாண்டா குரூஸ் தீவில் 61 இளங்கழுகுகளை விட்டனர். 2006ஆம் ஆண்டு இளவேனிலில் அத்தீவில் ஒரு குஞ்சு, எவர் துணையுமின்றித் தன் தாயின் சூட்டில் பொரிந்தது. வடபுறத் தீவுகளில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிகழாத ஒன்று. அக்கூட்டின் அருகே படக்கருவி வைத்து இணையத்தில் காட்டியதால், பள்ளிப் பிள்ளைகளும் அக்குஞ்சு வளர்வதை நாள்தோறும் கண்டார்கள். 2007இல் கட்டலினாவிலும் குஞ்சுகள் இயல்பாகப் பொரிந்தன. போலி முட்டைக்கு வேலையற்றுப் போனது.

இடைக்காலத்தில் அங்கு மற்றொன்றும் நிகழ்ந்தது. வெண்தலைக் கழுகு இல்லாத வெற்றிடத்தில், தீவில் பெருகியிருந்த காட்டுப்பன்றிக் குட்டிகளை நாடிப் பொன்னிறக் கழுகுகள் பெருநிலத்திலிருந்து வந்தன. வெண்தலைக் கழுகு பெரும்பாலும் மீனுண்பது; பொன்னிறக் கழுகோ தரைவிலங்குகளைத் தூக்குவது. பூனையளவே உள்ள தீவு நரி அவற்றுக்கு எளிய இரையாயிற்று. 1990களின் இறுதியில் சான் மிகுவேல் தீவிலும் சாண்டா ரோசா தீவிலும் தீவுக்குப் பதினைந்து நரிகளே எஞ்சின. பன்றிகளை அகற்றி, பொன்னிறக் கழுகுகளைப் பிடித்துப் பெருநிலத்துக்கு அனுப்பி, நரிகளைக் கூண்டில் இனம்பெருக்கி மீட்டார்கள். 2016இல் அவை அழியும் இனப் பட்டியலிலிருந்து நீங்கின. முட்டை ஓடு மெலிந்ததற்கும் நரி குறைந்ததற்கும் என்ன தொடர்பு என்று என் மாணவர்களிடம் புதிராகக் கேட்டேன். விடுவித்தவர்கள் இருவர்.

மலேசியாவில் மனித மலேரியாவின் உள்நாட்டுத் தொற்று 2018 முதல் பதிவாகவில்லை. குரங்கிலிருந்து பரவும் வகை மட்டும் இன்னும் உள்ளது. பாட்டி இதைக் கேட்க இல்லை.

மறு ஆண்டு மீண்டும் கோலசிலாங்கூருக்குச் சென்றோம். இம்முறை குறிப்பேட்டில் முன்னதாகவே இரண்டு கட்டங்கள் வரையச் சொல்லியிருந்தேன்: ஒன்று செம்பறவைக்கு, ஒன்று பழுப்புப் பறவைக்கு. பறக்கும் பறவையை எண்ணுவது எளிதன்று. ஒன்றையே மும்முறை எண்ணிவிட்டுச் சண்டையிட்டார்கள். கடைசியில் மூன்று குழுக்களின் கணக்கையும் ஒப்பிட்டு, செந்நிறம் 17, பழுப்பு 4 என்று முடிவு செய்து, நாளும் நேரமும் இட்டு எழுதி வைத்தோம். அந்தக் குறிப்பேடு வகுப்பறை அலமாரியில் இருக்கிறது. அடுத்த ஆண்டு வரும் வகுப்புக்கு.