இருவர் தங்க முடியாத பெட்டி

போஸ்ட்கிரஸ் தன் தரவுகளைப் போட்டு வைத்திருக்கும் டைரக்டரிக்குள் போய்ப் பார்த்தால், பெரிய பெரிய ஃபைல்களுக்கு நடுவே ‘பிஜி வெர்ஷன்’ என்ற பெயரில் ஒரு குட்டி ஃபைல் கிடக்கும். உள்ளே ஒரே ஒரு எண். 15, அல்லது 16. அவ்வளவுதான். சர்வர் எழும்போது அதைப் படித்துப் பார்க்கும். தன் எண்ணும் அந்த எண்ணும் ஒன்றில்லை என்றால், ‘இந்த ஃபைல்கள் எனக்கு ஒத்துவராது’ என்ற பொருளில் லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துவிடும்.

குபர்நெட்டிஸில் வேலை பார்க்கும் பலரும் ஒரு தடவையாவது அந்த வரியைப் பார்த்திருப்பார்கள். வெப் சர்வரை அப்கிரேட் செய்த பழக்கத்தில் டேட்டாபேஸிலும் கை வைத்தவர்கள். யாமல் ஃபைலில் எண்ணை மாற்று, அப்ளை கொடு, டீ குடித்துவிட்டு வா. வெப் சர்வருக்கு இது போதும். டேட்டாபேஸுக்கு 15ஐ 16 ஆக்கிவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது பாட் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கும். தரவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ஆப் நின்றிருக்கும், போன் அடிக்க ஆரம்பித்திருக்கும்.

ஒரு எண்ணை மாற்றுவது எப்படி இவ்வளவு பெரிய பஞ்சாயத்து ஆனது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

போஸ்ட்கிரஸ், 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம். அதற்கு முன் அவர் செய்தது இன்கிரஸ். அதன் பின் வந்ததால் போஸ்ட்கிரஸ். 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் அதற்கு எஸ்க்யூஎல் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். 1996இல் பெயர் போஸ்ட்கிரஸ்க்யூஎல் என்று நீண்டது. பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள் கைக்கு வந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த பிள்ளை என்பதாலோ என்னவோ, உள்ளமைப்பைப் பிரித்துப் போட்டு மாற்றுவதில் அதற்குக் கூச்சம் இருந்ததே இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம். நாம் போட்டு வைக்கும் தரவு (வாடிக்கையாளர் பெயர், பில் தொகை) டிஸ்கில் எழுதப்படும் விதம் அநேகமாக மாறுவதில்லை. 2008இல் வந்த 8.3இலிருந்து பக்கத்தின் அடிப்படை அமைப்பு அப்படியேதான் இருக்கிறது. மாறுவது கேட்டலாக். எந்த டேபிள் எங்கே இருக்கிறது, அதில் என்னென்ன பத்திகள், ஒவ்வொன்றும் என்ன வகை என்று டேட்டாபேஸ் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு அது. மேஜர் வெர்ஷன் மாறும்போதெல்லாம் அந்தக் குறிப்பின் வடிவமும் மாறும். ஒரு சுவடிக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஓலைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. எந்த ஓலையில் எந்தப் பாட்டு என்று சொல்லும் முகப்பு ஓலை மட்டும் புது ஆளுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கிறது.

ரொம்ப காலம் இதற்கு நம்பகமான வழி ஒன்றுதான்: எல்லா ஓலையையும் பெயர்த்து எழுதுவது. பழைய சர்வர் இருப்பதையெல்லாம் எஸ்க்யூஎல் வரிகளாகக் கொட்டும். அதனால்தான் அதற்கு ‘டம்ப்’ என்று பெயர். புது சர்வர் முதல் வரியிலிருந்து படித்துத் தனக்கென்று எழுதிக்கொள்ளும். சின்ன டேட்டாபேஸுக்கு ஒரு டீ நேரம். நூற்றுக்கணக்கான ஜிபி என்றால் ஒரு சனி, ஞாயிறு. அதுவரை கடையைச் சாத்தி வைக்க வேண்டும்.

2010இல், 9.0வுடன் ‘பிஜி அப்கிரேட்’ வந்தது. புரூஸ் மோம்ஜியான் வருடக்கணக்காக இதன் பின்னால் நின்றவர். இதன் தந்திரம், முகப்பு ஓலையை மட்டும் புது எழுத்தில் எழுதிவிட்டு மற்ற ஓலைகளைத் தொடாமல் விடுவது. ‘லிங்க்’ முறையில் ஓடவிட்டால் தரவு ஃபைல்களை நகலெடுக்கக்கூட வேண்டாம். அதே ஃபைலுக்கு இரண்டாவது பெயர் கொடுத்தால் போதும். டெராபைட் கணக்கில் தரவு இருந்தாலும் நிமிடங்களில் வேலை முடியும்.

ஒரு நிபந்தனை. பழைய குறிப்பைப் படிக்கப் பழைய சர்வர் வேண்டும், புதிதாக எழுதப் புது சர்வர் வேண்டும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும். பழைய நிரல், புது நிரல், பழைய தரவு, புதுத் தரவு என்று நான்கு டைரக்டரிகளைக் கேட்கும். 2010இல் இது ஒரு பிரச்சினையாகவே யாருக்கும் தோன்றியிருக்காது. டெபியனில் இரண்டு வெர்ஷன்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுவிக்கொள்ளலாம்.

மூன்று வருடம் கழித்து, 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் ஒரு பைதான் மாநாட்டில் ஐந்து நிமிடம் பேசி டாக்கரை அறிமுகப்படுத்தினார். ஒரு நிரல், அதற்குத் தேவையான சாமான்கள், எல்லாம் ஒரே பெட்டியில். பெட்டியைத் திறந்து ரிப்பேர் செய்யாதே. தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பெட்டியை வை. அருமையான யோசனைதான். போஸ்ட்கிரஸுக்கும் அதிகாரபூர்வப் பெட்டி வந்தது. உள்ளே ஒரே ஒரு வெர்ஷன். பிஜி அப்கிரேட் கேட்ட அந்த இரண்டாவது ஆளுக்கு இடமில்லை.

2014 ஜூனில் கூகுள் குபர்நெட்டிஸை வெளியிட்டது. கிரேக்கத்தில் கப்பலைச் செலுத்தும் மாலுமி என்று பொருள். ‘கவர்னர்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆயிரம் பெட்டிகள் இருந்தாலும் எது எந்த மெஷினில் ஓட வேண்டும், எது செத்தால் எங்கே புதிதாக எழுப்ப வேண்டும் என்பதையெல்லாம் மாலுமி பார்த்துக்கொள்வார். அந்த உலகத்தின் தாரக மந்திரம் ‘செல்லப்பிராணி வேண்டாம், மந்தை போதும்’. செல்லப்பிராணிக்குப் பெயர் வைப்பாய், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவாய். மந்தையில் ஒன்று போனால் இன்னொன்று. (அமெரிக்கப் பண்ணைகளின் உவமை இது. நம்மூரில் மாட்டுக்கும் பெயர் உண்டு. இப்படி ஒரு உவமை இங்கே உருவாகியிருக்காது.) வேடிக்கை என்னவென்றால், இந்த உவமையை முதலில் சொன்னவராகக் குறிப்பிடப்படுபவர் மைக்ரோசாஃப்டின் பில் பேக்கர். அவர் அதைச் சொன்னது எஸ்க்யூஎல் சர்வரைப் பெரிதாக்குவது பற்றி, அதாவது டேட்டாபேஸைப் பற்றிப் பேசும்போது.

மந்தையில் அடங்காத மாடு டேட்டாபேஸ். அதற்கு நிலையான பெயர் வேண்டும், சொந்த டிஸ்க் வேண்டும். 2016 ஜூலையில் வந்த குபர்நெட்டிஸ் 1.3இல் அதற்கென்று ஒரு ஏற்பாடு சேர்ந்தது. பெயர், ஒளிவு மறைவே இல்லாமல், ‘பெட்செட்’. அதே வருடக் கடைசியில் 1.5இல் பெயரை ‘ஸ்டேட்ஃபுல்செட்’ என்று மாற்றினார்கள். 2017 டிசம்பரில், 1.9இல்தான் ‘இனி நம்பிப் பயன்படுத்தலாம்’ என்ற முத்திரை விழுந்தது. இவ்வளவுக்கும் குபர்நெட்டிஸ் தன் சொந்த நினைவை வைத்திருப்பதே எட்சிடி என்ற ஒரு டேட்டாபேஸில்தான். மந்தை மேய்ப்பவர் வீட்டிலேயே ஒரு செல்லப்பிராணி!

ஸ்டேட்ஃபுல்செட்டால் அப்கிரேட் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. ஒரு மாஸ்டர், இரண்டு ரெப்ளிகா என்று மூன்று பாட்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணை மாற்றியதும் ஸ்டேட்ஃபுல்செட் கடைசி எண்ணுள்ள பாடிலிருந்து ஒவ்வொன்றாகப் புதுப்பிக்க ஆரம்பிக்கும். அந்தக் கடைசி பாட் புது வெர்ஷனில் எழுந்து, குட்டி ஃபைலைப் படித்து, படுத்துவிடும். அது எழாமல் அடுத்ததைத் தொடக் கூடாது என்பது விதி என்பதால், மற்ற இரண்டும் தப்பித்துவிடும். சரி, பழைய எண்ணையே திருப்பிப் போட்டுவிடலாம் என்றால் அதுவும் தானாக நடக்காது. எழாத பாட் எழட்டும் என்று அது காத்துக்கொண்டே இருக்கும். யாராவது கையால் போய் அந்த பாடை அழிக்க வேண்டும். ரெப்ளிகாவைக் காலி செய்து புது வெர்ஷனில் பழைய மாஸ்டரிடமிருந்து நகல் எடுக்கலாமா? முடியாது. மாஸ்டர் அனுப்பும் பதிவேடு பைட் பைட்டாக வருவது; வேறு மேஜர் வெர்ஷனுக்கு அது புரியாது.

2017இல் வந்த வெர்ஷன் 10 இதற்கு ஒரு மாற்றுப் பாதை திறந்தது: லாஜிக்கல் ரெப்ளிகேஷன். பைட்டை விட்டுவிட்டு ‘இந்த வரிசை சேர்ந்தது, இந்த வரிசை மாறியது’ என்று பேசுவதால் வெர்ஷன் தடை இல்லை. பக்கத்திலேயே புது வீடு கட்டி, சாமானெல்லாம் போய்ச் சேர்ந்ததும் ஒரே நிமிடத்தில் குடி மாறலாம். டிஸ்க் இரண்டு மடங்கு வேண்டும். டேபிளின் வடிவத்தை நடுவில் யாராவது மாற்றினால் அது போய்ச் சேராது. வசதியுள்ளவர்களின் வழி.

‘எதற்கு இந்த வம்பு, ஓடுகிற வரை ஓடட்டுமே’ என்று கேட்கலாம். ஒவ்வொரு மேஜர் வெர்ஷனுக்கும் ஆயுள் ஐந்து வருடம். வெர்ஷன் 12க்கு 2024 நவம்பரில் முடிந்தது, 13க்கு 2025 நவம்பரில். அதன் பிறகு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைப்பு வராது.

பழையதும் புதியதும் சரியாகச் சந்திக்காமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு கிட்லேப் நிறுவனம் தானே விரிவாக எழுதி வெளியிட்ட சம்பவம் இருக்கிறது. கண்டெய்னர் கதை இல்லை. ஆனால் வெர்ஷன் கதை. 2017 ஜனவரி 31 இரவு, ரெப்ளிகாவின் டைரக்டரியைக் காலி செய்வதாக நினைத்து ஒரு பொறியாளர் மாஸ்டரின் டைரக்டரியை அழித்துவிட்டார். ஒன்றிரண்டு நொடியில் நிறுத்தினார். 300 ஜிபியில் மிஞ்சியது 4.5. சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால் அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் 9.6. பேக்கப் எடுக்க வேண்டிய டம்ப் நிரல் 9.2. புதுத் தரவு பழைய ஆளுக்குப் புரியாததால் ஒவ்வொரு முறையும் தோற்றுப் போயிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

கிட்லேபில் குறைந்தபட்சம் நிரல் தோற்றது, பிழை என்று ஒன்று பதிவானது. சத்தமே இல்லாமல் நடக்கும் இன்னொரு கோளாறு உண்டு. அதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பயங்கரமான பகுதி.

இண்டெக்ஸ் என்பது அகராதி மாதிரி. வரிசை சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில், நடுவில் திறந்து, ‘இதற்கு முன்னாலா பின்னாலா’ என்று பார்த்துப் பார்த்துத் தேடும். ஒரு அகராதியைத் தொகுத்தவர் மெய்யெழுத்தை உயிர்மெய்க்குப் பின்னால் வைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ‘அகம்’ முதலில், ‘அக்கா’ பிறகு. அவர் ஓய்வு பெற்று, மெய்தான் முதலில் என்று படித்த ஒருவர் அதே அகராதியோடு உட்காருகிறார். ‘அக்கா’வைத் தேடுகிறார். பக்கத்தைத் திறந்தால் ‘அகம்’. அப்படியானால் அக்கா இதற்கு முன்னால்தானே என்று முன்னே போகிறார். கிடைக்கவில்லை. ‘அப்படி ஒரு சொல்லே இல்லை’ என்கிறார். சரி, சேர்த்துவிடுவோம் என்று முன்பக்கத்தில் இன்னொரு ‘அக்கா’வை எழுதி வைக்கிறார். இப்போது இரண்டு அக்கா.

எழுத்துகளின் வரிசையை போஸ்ட்கிரஸ் பெரும்பாலும் தானே முடிவு செய்வதில்லை. லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்திடம் கேட்கும். 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசையைப் பெரிய அளவில் மாற்றியது. அமெரிக்க ஆங்கில வரிசையில் அதுவரை ‘11’ முதலிலும் ‘1-1’ பிறகும் வந்தன. அதன் பின் தலைகீழ். டெபியன் 9இல் பழைய ஜிலிப்சி, 2019இல் வந்த டெபியன் 10இல் புதியது. பெட்டிக்குள் போஸ்ட்கிரஸ் வெர்ஷன் அதேதான், அடியில் இருக்கும் டெபியன் மட்டும் மாறியது என்றால் குட்டி ஃபைல் ஒன்றும் சொல்லாது. பாட் சமர்த்தாக எழும். பச்சை விளக்கு எரியும். ‘இந்த மின்னஞ்சலில் கணக்கு எதுவும் இல்லையே’ என்று யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு பதில் போகும். கணக்கு உள்ளேயே இருக்கும். ஜிலிப்சி மாறியதைக் கவனித்து எச்சரிக்கும் வசதி 13ஆம் வெர்ஷனில்தான் வந்தது. இண்டெக்ஸைத் திரும்பக் கட்டினால் சரியாகிவிடும். கட்ட வேண்டும் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

இந்த ‘யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்’ என்பதை நிரலாகவே எழுதி வைக்கலாம் என்று 2016 நவம்பரில் கோர்ஓஎஸ் நிறுவனம் முன்வைத்த யோசனைக்குப் பெயர் ஆபரேட்டர். ராத்திரி கண்விழித்து ஒரு மனிதர் செய்யும் காரியங்களை, அதே வரிசையில், கிளஸ்டருக்குள்ளேயே உட்கார்ந்து செய்யும் நிரல். இதில் முன்னோடிகளில் ஒன்று பெர்லினில் செருப்பும் துணியும் ஆன்லைனில் விற்கும் ஸலாண்டோ. அவர்களுடைய பட்ரோனி 2015இல், கம்போஸ் என்ற நிறுவனத்தின் ‘கவர்னர்’ என்ற திட்டத்திலிருந்து கிளைத்தது. (மறுபடியும் அதே மாலுமி!) அவர்கள் தயாரித்த பெட்டியின் பெயர் ஸ்பிலோ, ஜார்ஜிய மொழியில் யானை; போஸ்ட்கிரஸின் சின்னமும் யானைதான். அந்தப் பெட்டிக்குள் பல மேஜர் வெர்ஷன்கள் சேர்ந்தே குடியிருக்கும். கண்டெய்னர் ஆசாரப்படி இது தப்பு. எனக்குத் தெரிந்து அந்தத் தப்பைச் செய்ததுதான் சரி. மாஸ்டரில் பிஜி அப்கிரேட் லிங்க் முறையில் ஓடும். ரெப்ளிகாக்கள் மாறியதை மட்டும் நகலெடுத்துக்கொள்ளும். லிங்க் முறையில் ஓடிய பின், புது சர்வர் ஒருமுறை எழுந்துவிட்டால் பழைய சர்வரை அந்தத் தரவின் மேல் எழுப்பக் கூடாது. இருவரும் அதே ஓலையில்தானே எழுதுகிறார்கள். திரும்ப வேண்டுமென்றால் பேக்கப்தான்.

திரும்பாமல் வெற்றியோடு முடித்தவர்களுக்கும் மறுநாள் காலை ஒரு சோதனை காத்திருக்கும். எந்த டேபிளில் எவ்வளவு இருக்கிறது என்ற புள்ளிவிவரத்தை வைத்துத்தான் டேட்டாபேஸ் தேடும் வழியைத் தீர்மானிக்கிறது. பிஜி அப்கிரேட் அதைக் கொண்டுவராது. ‘அனலைஸ்’ ஓடவிட மறந்தால், நேற்றுவரை கண்சிமிட்டும் நேரத்தில் வந்த பதில் இன்று நிமிடக்கணக்கில் இழுக்கும். இதைப் பெரும்பாலும் சரிசெய்தது 2025 செப்டம்பரில் வந்த வெர்ஷன் 18.

அதே 2025இல் இன்னும் இரண்டு நடந்தன. கிளவுட்நேட்டிவ்பிஜி என்ற ஆபரேட்டர் தன் 1.26ஆம் வெளியீட்டில் இருந்த இடத்திலேயே மேஜர் அப்கிரேட் செய்யக் கற்றுக்கொண்டது. எல்லா பாட்களையும் நிறுத்திவிட்டு, பழைய பெட்டியிலிருந்து நிரல்களை எடுத்துவந்து புதுப் பெட்டிக்குக் கொடுத்து, இருவரையும் தற்காலிகமாக ஒரே இடத்தில் உட்கார வைத்து வேலையை முடிக்கிறது. இடையில் தோற்றால் பழைய எண்ணுக்குத் திரும்பலாம்.

இன்னொன்று டாக்கரின் அதிகாரபூர்வப் பெட்டியில். வெர்ஷன் 18இலிருந்து தரவு டைரக்டரியின் பாதையிலேயே வெர்ஷன் எண் சேர்ந்துவிட்டது. பல வருடங்களாக ‘டேட்டா’ என்ற ஃபோல்டரில் டிஸ்கை மவுண்ட் செய்து பழகியவர்கள் அதே யாமலோடு 18க்குப் போனால் பெட்டி எழ மறுத்து, ஏன் என்று விளக்கி எழுதுகிறது. ஒரு படி மேலே, தாய் ஃபோல்டரில் மவுண்ட் செய்யச் சொல்கிறது. லிங்க் முறைக்கு இரண்டு டைரக்டரிகளும் ஒரே டிஸ்கில், ஒரே மவுண்டுக்குள் இருந்தாக வேண்டும், அதற்காகத்தான். அப்படிச் செய்தால் டிஸ்குக்குள் 18 என்று ஒரு ஃபோல்டர் உருவாகும். 19 வரும்போது அதற்குப் பக்கத்தில் இடம் இருக்கும்.