உந்துதண்டு அதிர்வு: கிராஸ் மூட்டின் வரலாறும் பழைய பிக்கப் வண்டிகளும்

பழைய பிக்கப் வண்டிகளில் முன்புறம் உள்ள இயந்திரத்தின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டு செல்வது புரொப்பல்லர் ஷாஃப்ட் எனப்படும் உந்துதண்டு. அதன் முனைகளில் உள்ள மூட்டைப் பட்டறைகளில் 'யூஜே கிராஸ்' என்பர். குறிப்பிட்ட வேகத்தில் வண்டி அதிர்ந்தால் சந்தேகிக்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று. நாமோ முதலில் சக்கரத்தைத்தான் கழற்றுகிறோம்.

இம்மூட்டு மோட்டார் வண்டியைவிடப் பழையது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இது 'கார்டான்' என வழங்குகிறது. எனினும் அவர் எழுதியது ஒன்றனுள் ஒன்றாகத் தொங்கும் வளையங்களைப் பற்றி. சுழற்சியைக் கடத்தும் மூட்டாக 17ஆம் நூற்றாண்டில் இதை விவரித்தவர் ராபர்ட் ஊக். சுருள்வில் விதிக்காக நாம் வகுப்பில் பாடம் நடத்தும் அதே ஊக்தான். வானியல் கருவிகளுக்காகவே அவருக்கு இது தேவைப்பட்டது.

இம்மூட்டில் ஒரு குறை உண்டு. ஒரு தண்டு சீராகச் சுழன்றாலும், சாய்ந்து இணைந்த மறுதண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தி, இருமுறை பிந்தும். சாய்வு 10 பாகையானால் வேறுபாடு ஏறத்தாழ 1.5 விழுக்காடு, 20 பாகையில் 6 விழுக்காடு. மறுமுனையில் இன்னொரு மூட்டு இருந்தால் இது ஈடாகிவிடும். ஆனால் இரு சாய்வுகளும் சமமாகவும், தண்டின் இருமுனைக் கவைகளும் ஒரே தளத்திலும் இருக்க வேண்டும். பாதி அதிர்வுப் புகார்கள் இந்த நிபந்தனை தவறுவதில்தான் பிறக்கின்றன என்பது என் கருத்து.

அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் பெற்ற காப்புரிமைக்குப் பின், சங்கிலியால் ஓடிய வண்டிகள் மெல்ல உந்துதண்டுக்கு மாறின.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் ஹெரால்டு கார்களும், அட்லஸ் வழிவந்த ஸ்டாண்டர்ட் 20 சிறு சரக்கு வண்டிகளும் உருவாயின. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடுபவை. அரைத்தண்டு ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டு. நம்மூர் மெக்கானிக்குகளுக்கும் வாங்குவோருக்கும் அது பிடிக்கவில்லை. எனவே 1972இல் வந்த கெசல் காரில் ஒரே திட அச்சைப் பொருத்தினர். 1988இல் ஆலை மூடப்பட்டது.

அதிர்வின் இடத்தைக் கண்டறியக் கணக்கு உதவும். மணிக்கு 60 கி.மீ. என்பது நிமிடத்துக்கு 1,000 மீட்டர். சக்கரச் சுற்றளவு 2 மீட்டரானால் சக்கரம் நிமிடத்துக்கு 500 முறை சுழலும். பின் அச்சின் பல்விகிதம் நான்கானால் உந்துதண்டு 2,000 முறை. மூட்டுச் சாய்வுக் கோளாறோ 4,000 முறை அதிர்விக்கும். ஆகவே மெதுவான குலுக்கல் சக்கரத்தையும், இருக்கைக்கடியில் எழும் உறுமல் தண்டையும் காட்டும். ஆளில்லாத நேர்ச்சாலையில், இயந்திரத்தை நிறுத்தாமல், நியூட்ரலுக்கு மாற்றிப் பார்க்கலாம். அதிர்வு தொடர்ந்தால் கோளாறு கியர்பெட்டிக்குப் பின்னால். நின்றுவிட்டால் இயந்திரத் தாங்கிகளையும் கிளட்சையும் பார்க்க வேண்டும். ஆனால் தேய்ந்த கிராஸும் சுமை நீங்கினால் அடங்கிவிடும். அதனால் நின்ற வண்டியை அதே இயந்திர வேகத்துக்கு முடுக்கியும் சோதிப்பது நல்லது. கிளம்பும்போது மட்டும் உதறினால் கிளட்சோ, இருதுண்டுத் தண்டின் நடுத்தாங்கி ரப்பரோ காரணமாகலாம்.

கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை மீன் ஏற்றும் வண்டிகளில் உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கிரீஸ் வற்றிய கிராஸின் ஊசித் தாங்கிகளில் துரு புகும். மூட்டைச் சுற்றிச் செம்பொடி தெரிந்தால் கழற்றிப் பார்க்காமல் ஓட்டக் கூடாது. முன்மூட்டு முறிந்தால் தண்டு சாலையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும்.

என் தம்பியின் பழைய பிக்கப் நான்கு மாதம் அதிர்ந்தது. டயர் மாற்றினான், சமநிலை பார்த்தான், செலவு ஏறியது. திருக்கழுக்குன்றத்தில் ஒரு முதிய மெக்கானிக் படுத்துப் பார்த்துவிட்டு, "கவை கோணலா நிக்குது சார்" என்றார். முன்பு வேறொரு பட்டறையில் கிராஸ் மாற்றியபோது, சறுக்குப் பற்களை அம்புக்குறிக்கு நேராகச் சேர்க்காமல் விட்டிருந்தனர். கழற்றித் திருப்பி மாட்ட அரைமணி நேரம் ஆயிற்று.