பெயரும் பொறுப்பும்: இந்தியப் பெண்ணியத்தின் ஊடக வரலாற்றிலிருந்து

2017 செப்டம்பரில் டெல்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜி.எஸ்.கேஷ் என்னும் குழு கலைக்கப்பட்டது. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிப்பதற்காக 1999 முதல் இயங்கிவந்த குழு அது. மாணவர்களும் ஆசிரியர்களும் தேர்தல் வழியே அதில் இடம்பெற்றிருந்தனர். அதனிடத்தில் உள்ளகப் புகார்க் குழு ஒன்றை நிர்வாகம் அமைத்தது. ஏறத்தாழ ஐந்து வாரங்கள் கழித்து, அக்டோபர் இறுதியில், ராயா சர்கார் என்னும் சட்ட மாணவர் முகநூலில் ஒரு பட்டியலை வெளியிட்டார். இந்தியக் கல்விப்புலத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் பலரின் பெயர்களும் அவர்களுடைய நிறுவனங்களும் அதில் இருந்தன. குற்றம் சாட்டியவர் யார், நடந்தது என்ன, எப்போது என்பவை பெரும்பாலும் இல்லை. அக்டோபர் 24 அன்று நிவேதிதா மேனன், கவிதா கிருஷ்ணன், ஆயிஷா கித்வாய் உள்ளிட்ட பெண்ணியவாதிகள் காஃபிலா தளத்தில் வெளியிட்ட அறிக்கை, உரிய விசாரணை முறையின் பெயரால் அப்பட்டியலைத் திரும்பப் பெறுமாறு கோரியது.

இவ்விவாதத்தைத் தலைமுறை மோதலாக வாசிப்பதே வழக்கமாகிவிட்டது: நிறுவனங்களை நம்பிய மூத்தோர் ஒருபுறம், கைப்பேசியை நம்பிய இளையோர் மறுபுறம். இது எளிய வாசிப்பு. எளிமையின் காரணமாகவே நிலைத்தும் விட்டது. ஆனால் முன்னோர் கட்டிய குழு கலைந்த மறுமாதமே பட்டியல் வந்தது என்பதை இவ்வாசிப்பு கவனிப்பதில்லை. பட்டியல் எழுப்பிய கேள்வியும் 2017இல் பிறந்ததன்று. எவருடைய பெயர் வெளியிடப்படலாம், எவருடைய பெயர் காக்கப்பட வேண்டும், வெளியிட்டதற்கு எவர் கையெழுத்திடுவார் என்பது இணையத்துக்கு முன்பே இந்தியப் பெண்கள் இயக்கத்தின் உள்ளே இருந்த கேள்வி.

அதன் தொடக்கங்களுள் ஒன்று தட்டச்சு செய்யப்பட்ட ஒரு கடிதம். 1972இல் மகாராட்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் மதுரா என்னும் ஆதிவாசிச் சிறுமி வன்புணர்வுக்கு உள்ளான வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட இரு காவலர்களையும் 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவள் எதிர்த்ததற்கான காயங்கள் உடலில் இல்லை என்பது தீர்ப்பின் ஆதாரங்களுள் ஒன்று. 1979 செப்டம்பர் 16 அன்று உபேந்திர பக்ஷி, லோதிகா சர்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். அடங்கிப்போதல் வேறு, இசைதல் வேறு என்ற வேறுபாட்டைத் தீர்ப்பின் சொந்த வாசகங்களைக் கொண்டே அவர்கள் நிறுவினர். பத்திரிகைகள் வழியே மடல் பரவியது. 1980 மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் தெருவில் இறங்கினர். உச்ச நீதிமன்றத்தையே எதிர்த்துப் பேசிய அந்த மடலின் வலு அதன் கடுஞ்சொல்லில் இல்லை. நான்கு பெயர்கள் கீழே இருந்தன. எவரும் சரிபார்க்கக்கூடிய ஆவணத்தின் மேல் அது நின்றது.

ஆனால் மதுராவின் பெயரை எவரும் அவளிடம் கேட்டு எழுதவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தன் பெயரில் ஒரு வழக்கு, ஓர் இயக்கம், ஒரு சட்டத்திருத்தம் எல்லாம் உருவானபோது அவளுக்கு அவற்றில் குரல் இருந்ததாகக் கொள்ள இடமில்லை. 1983இன் குற்றவியல் சட்டத்திருத்தம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 228அ பிரிவைச் சேர்த்து, வன்புணர்வுக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. பாதுகாப்பாக வந்த இந்த மௌனம், அவமானம் அவளுக்கே உரியது என்ற பழைய எண்ணத்தையும் உடன் சுமந்துவந்தது.

1992இல் ராஜஸ்தானின் படேரி கிராமத்தில் அந்த எண்ணத்தை மறுத்தவர் பன்வாரி தேவி. குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர். அதற்குப் பழிவாங்க ஆதிக்க சாதியினர் தன்னைக் கூட்டு வன்புணர்வு செய்ததாக அவர் தம் பெயரிலேயே வெளிப்படையாகப் புகார் கூறினார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோரை அக்குற்றத்திலிருந்து விடுவித்தது. அவருக்கு நேர்ந்ததை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த பொதுநல வழக்கில்தான் 1997இன் விசாகா வழிகாட்டு நெறிகள் பிறந்தன. அவற்றிலிருந்து 2013இன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு புகார் அளித்தவர், எதிர்த்தரப்பினர், சாட்சிகள் என எவருடைய பெயரையும் வெளியிடத் தடை விதிக்கிறது. பெயரை மறைக்காத ஒரு பெண்ணின் துணிவிலிருந்து, பெயர் மறைக்கும் விசாரணை முறை உருவானது. இதில் முரண் இல்லை. வெளியே சொல்லும் உரிமையும் வெளியே சொல்லாதிருக்கும் உரிமையும் பெண்ணின் கையில் இருக்க வேண்டும் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. நிறுவனங்கள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தம் நற்பெயருக்கான திரையாக்கிக்கொண்டன.

டிஜிட்டல் ஊடகம் இந்நிலையில்தான் வந்து சேர்ந்தது. 2009 ஜனவரியில் மங்களூரு மதுக்கூடம் ஒன்றில் இளம்பெண்கள் தாக்கப்பட்டபோது, நிஷா சூசன் முதலியோர் முகநூலில் குழு தொடங்கி, தாக்குதல் நடத்திய அமைப்பின் தலைவருக்கு இளஞ்சிவப்பு உள்ளாடைகளை அஞ்சலில் அனுப்புமாறு அழைத்தனர். எள்ளல் அரசியல் ஆயுதமாயிற்று. மதுக்கூடம் செல்லும் வர்க்கத்தின் விளையாட்டு இது என்ற விமர்சனமும் பெண்கள் இயக்கத்திலிருந்தே எழுந்தது. அதில் உண்மையும் இருந்தது. 2012 நவம்பரில் மும்பையை அடுத்த பால்கரில், ஓர் அரசியல் தலைவரின் மறைவையொட்டிய கடையடைப்பைக் கேள்விகேட்டு முகநூலில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்ட அவருடைய தோழியும் கைதாயினர். கைதுக்கு உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை எதிர்த்து மனுத் தாக்கல் செய்தவரும் ஷ்ரேயா சிங்கால் என்னும் இளம்பெண்ணே. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது. இணையத்தைப் பொறுப்போடு பயன்படுத்துமாறு பெண்களுக்கு அறிவுரை கூறும் கல்லூரிக் கருத்தரங்குகளில் இவ்வழக்கு ஏனோ நினைவுகூரப்படுவதில்லை.

2017இன் பட்டியல் இவ்வளவு சரடுகளும் முடிச்சிட்ட இடம். தலித்தாகத் தம்மை அடையாளப்படுத்திக்கொண்ட ஒருவர் அதை வெளியிட்டார் என்பதும், எதிர்த்தோரில் பலர் பெருநகரப் பல்கலைக்கழகங்களில் நிலைபெற்றோர் என்பதும் விவாதத்தின் உள்ளுறையை மாற்றின. முறையான விசாரணை எவருக்குக் கிட்டியிருக்கிறது என்ற கேள்விக்கு அறிக்கையிடம் விடை இல்லை. புகாரின் விவரமே இல்லாதபோது குற்றம் சாட்டப்பட்டவர் எதை மறுப்பார் என்ற கேள்விக்குப் பட்டியலிடமும் விடை இல்லை. சரிபார்ப்பின் சுமை முழுதும் பட்டியலை வெளியிட்ட ஒருவரின் மேல் விழுந்தது. பெயர்களுக்கிடையே குற்றத்தின் அளவு வேறுபாடும் மறைந்தது. ஆயினும் பல வளாகங்களில் பெண்கள் ஒருவருக்கொருவர் காதோடு சொல்லிவந்த எச்சரிக்கை முதன்முறையாக எழுத்தாயிற்று என்பதை மறுக்க இயலாது.

மறு ஆண்டு வடிவம் மாறியது. 2018 அக்டோபரில் இதழியலிலும் திரைத்துறையிலும் பெண்கள் தம் பெயரிலேயே, நாளும் இடமும் குறித்து எழுதினர். தமிழ்த் திரையுலகில் பாடகி சின்மயி தம் அனுபவத்தோடு பெயர் சொல்ல இயலாத பிறரின் சாட்சியங்களையும் வெளியிட்டார். அடுத்த மாதமே டப்பிங் கலைஞர் சங்க உறுப்பினர் தகுதியை இழந்தார். சந்தா நிலுவையே காரணம் என்றது சங்கம்.

அவ்வாண்டின் எழுத்துகளுள் நீதிமன்றத்தின் உரைகல்லில் தேய்க்கப்பட்டது பிரியா ரமணியினுடையது. 1993இல் ஒரு மும்பை ஓட்டலில் நடந்த வேலை நேர்காணலைப் பற்றி 2017இல் ஓர் இதழில் பெயர் குறிப்பிடாமல் எழுதிய அவர், 2018 அக்டோபர் 8 அன்று ட்விட்டரில் எம்.ஜே. அக்பரின் பெயரைச் சொன்னார். குற்றச்சாட்டை மறுத்த அக்பர் குற்றவியல் அவதூறு வழக்குத் தொடுத்தார். அக்டோபர் 17 அன்று மத்திய இணையமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அவர் எதையும் ‘செய்யவில்லை’ என்று ரமணி தம் பதிவில் எழுதியிருந்த தொடரே அவருக்கு எதிராகத் திருப்பப்பட்டது. மேற்கோள் குறிக்குள் இட்ட அச்சொல் எள்ளல் என்று சாட்சிக்கூண்டில் நின்று அவர் விளக்க நேர்ந்தது. ட்விட்டரின் தொனி நீதிமன்றத்தின் மொழிக்குள் அவ்வளவு எளிதில் பெயர்வதில்லை. தம் கட்டுரையின் எப்பகுதி அக்பரைக் குறிக்கிறது, எப்பகுதி குறிக்கவில்லை என்பதையும் அவர் பிரித்துக் கூற வேண்டியிருந்தது. நேர்காணல் முடிந்த அன்றே அவர் நடந்ததைச் சொல்லியிருந்த தோழி சாட்சியம் அளித்தார். அக்பரின் கீழ்ப் பணியாற்றிய கஜாலா வஹாபும் தம் அனுபவத்தைக் கூறினார். 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல பத்தாண்டுகள் கடந்தபின்பும் தாம் தேர்ந்த எந்த மேடையிலும் பெண் தன் குறையை எடுத்துரைக்கலாம் என்றது தீர்ப்பு. நிகழ்வின் காலத்தில் விசாகா நெறிகளே இல்லை என்பதையும் அது கணக்கில் கொண்டது. படேரியிலிருந்து புறப்பட்ட வரலாறு ஒரு ட்விட்டர் பதிவுக்குத் துணை நின்ற இடம் இது. அக்பரின் மேல்முறையீட்டை 2022 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

இதற்கிடையே வேறொரு நிகழ்வு. 2020 மே மாதத்தில் டெல்லிப் பள்ளி மாணவர்களின் இன்ஸ்டாகிராம் குழுவில் சக மாணவிகளின் படங்களும் அவற்றைப் பற்றிய ஆபாச உரையாடலும் பகிரப்பட்டதை மாணவிகளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்பலப்படுத்தினர். குழு உண்மை, படங்கள் உண்மை. ஆனால் அவற்றோடு சேர்ந்து பரவி, நாட்டையே அதிரவைத்த வன்புணர்வுத் திட்ட உரையாடல் அக்குழுவைச் சேர்ந்ததன்று. ஆண் பெயரில் போலிக் கணக்குத் தொடங்கிய ஒரு சிறுமி, ஒரு மாணவனின் குணத்தைச் சோதிப்பதற்காக ஸ்னாப்சாட்டில் எழுதியது அது என்று காவல்துறை மே 10 அன்று தெரிவித்தது. ஒரு பொய்த்துண்டு ஒட்டிக்கொண்டதும், மெய்யான புகாரையும் சேர்த்துத் தள்ளிவிடப் பலருக்கு வசதியாயிற்று. மாணவிகளின் சாட்சியத்துக்கு நேர்ந்த இழப்பு அதுவே.

2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’ என்ற செயலி இசுலாமியப் பெண்களின் படங்களை அவர்களுடைய சமூக ஊடகக் கணக்குகளிலிருந்து எடுத்து ‘ஏலம்’ விட்டது. வழக்குகள் பதிவாயின; ஆறு மாதம் எவரும் கைதாகவில்லை. 2022 ஜனவரி 1 அன்று ‘புல்லி பாய்’ என்ற பெயரில் அதே இழிவு மீண்டும் நிகழ்ந்தது. தம் பெயரில் எழுதி, தம் முகத்தோடு பொதுவெளியில் நின்ற இதழாளர்களும் செயற்பாட்டாளர்களுமே குறிவைக்கப்பட்டனர். அவ்வழக்கில் கைதானோருள் உத்தராகண்டைச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண்ணும் ஒருவர். இளம்பெண்கள் என்ற சொல்லை ஒற்றைத் தரப்பாகப் பாவிக்கும் ஆய்வுகள் இவ்விடத்தில் நின்று மேலே செல்ல வேண்டும். செயலியில் தம் படத்தைக் கண்ட இதழாளர் இஸ்மத் ஆரா அன்றே டெல்லிக் காவல்துறையிடம் எழுத்துப் புகார் அளித்து, அதன் படியை ட்விட்டரில் தம் பெயரிலேயே வெளியிட்டார்.